போர்ட்ஃபோலியோவை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிலிருந்து எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஒரு புது விதி வரப்போகிறதாம். நான்கு வருடத்தில் செய்த வேலைகளைப் போர்ட்ஃபோலியோவாகச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு குழுவின் முன் அதை விளக்கினால்தான் ஹைஸ்கூல் டிப்ளமோ. என் மகன் கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான். தேர்வு என்றால் விடை சரியா தப்பா என்று தெரிந்துவிடும். இதில் ஆசிரியருக்குப் பிடித்தால் தேர்ச்சி, பிடிக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடாதா? வசதி உள்ளவர்கள் ட்யூட்டர் வைத்து முடித்துவிடுவார்கள். கல்லூரிகள் இதை மதிக்குமா என்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் ஸ்கூல் போர்டு கூட்டம். எதிர்த்துப் பேசலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?
— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், பேசுங்கள். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்தப் போர்ட்ஃபோலியோக்களை யார், எந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? உங்கள் கடிதத்தில் இருக்கிற அத்தனை பயத்துக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. நேர்மையான பதில் வந்தால் இந்த விதியை ஆதரியுங்கள் என்றுதான் சொல்வேன். பதில் வராவிட்டால் அதை டிப்ளமோவோடு கட்டாதீர்கள் என்று கேளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் இங்கே ஹைஸ்கூலில் அறிவியல் சொல்லிக்கொடுத்து, இப்படிப்பட்ட குழுக்களில் பலமுறை உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகனைப் பற்றிய கவலையை எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தில் அதுதான் கனமாக இருந்தது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வருடம் முழுக்க அவன் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்தான். 50 சென்டிமீட்டர் கயிறு, நுனியில் 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குண்டு. வரவேண்டிய விடை 9.8, அவனுக்கு வந்தது 9.3. முதல் வரைவின் கடைசி வரியில், எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதுபோல, ‘மனிதப் பிழை காரணமாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தான். ஓரத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘எந்த மனிதர்? என்ன பிழை?’

இரண்டாம் வரைவில் ஸ்டாப்வாட்ச் மேல் பழியைப் போட்டான். நூறு ஊசலாட்டங்களை எண்ணி மறுபடி செய்யச் சொன்னேன். அப்போதும் 9.3. மூன்றாவது வரைவில்தான் பிடித்தான். கயிற்றை முடிச்சு வரைக்கும் அளந்திருக்கிறான், குண்டின் நடு வரைக்கும் அளக்கவில்லை. விட்டுப்போன இரண்டரை சென்டிமீட்டரைச் சேர்த்ததும் விடை 9.8க்கு வந்து நின்றது. மூன்று வரைவுகளையும் போர்ட்ஃபோலியோவில் அப்படியே வைத்தான், என் சிவப்பு மையோடு.

பன்னிரண்டாம் வகுப்பில் அவன் முறை வந்தபோது குழுவில் இருந்த கணித ஆசிரியை கேட்டார்: “கயிறு இதில் பாதி நீளம் இருந்து, நீ அதே தவறைச் செய்திருந்தால், பிழை கூடுமா குறையுமா?” இது அவன் தயார் செய்து வந்த கேள்வி இல்லை. அரை நிமிடம் போல அமைதி. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவன் எழுந்துபோய்ப் பலகையில் ஒரு நீளக் கயிறும் ஒரு குட்டைக் கயிறும் வரைந்து, இரண்டின் நுனியிலும் ஒரே அளவில் குண்டைப் போட்டான். “கூடும். இரண்டரை சென்டிமீட்டர் அப்படியே இருக்கும், கயிறுதான் குட்டையாகும்” என்றான். மொத்தம் ஆறேழு சொல். அந்த ஆறேழு சொல்லே போதும் என்று நாங்கள் மூன்று பேரும் எழுதினோம்.

அம்மா, நல்ல குழு தேடுவது மேடைப் பேச்சை இல்லை. தான் செய்த வேலை தன் கைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குத் தெரியாத நாலு பேர் முன்னால் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று கேட்பது கொடுமை. மூன்று மாதம் மல்லுக்கட்டிய ஒரு சோதனையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பேசிவிடுவான். ஆனால் அவனை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சின்னச் சின்னதாகப் பழக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு ஆசிரியர், இரண்டு நண்பர்கள் முன்னால் ஒரே ஒரு வேலையை விளக்கிப் பழகியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில்தான் முதல்முறை என்றால், உங்கள் பயம் நியாயமானது.

இனி, ‘ஆசிரியருக்குப் பிடித்தால்’ என்ற கேள்வி. நீங்கள் கேட்பது ஆய்வாளர்களும் கேட்ட கேள்விதான். வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் நான்காம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணிதத்திலும் எழுத்திலும் போர்ட்ஃபோலியோ மதிப்பீட்டை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் டேனியல் கோரெட்ஸும் அவருடைய குழுவும் அதை ஆராய்ந்தபோது, ஒரே கோப்பைத் தனித்தனியாகப் படித்த இரண்டு ஆசிரியர்களின் மதிப்பெண்கள் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. பிள்ளையின் தகுதியைவிட, படித்தவர் யார் என்பது முடிவை மாற்றிவிடும் அளவுக்கு வித்தியாசம். ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு வேலையைக் கொண்டுவந்து வைத்ததும், ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததும் இதற்குக் காரணங்கள். அடுத்த வருடமே கணிதத்தில் இது நன்றாக முன்னேறியது. எழுத்தில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவில்லை. சரிசெய்ய வழி இருக்கிறது, அதைச் செய்துகொண்டிருக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. நியூயார்க் பெர்ஃபார்மன்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பொதுப்பள்ளிகள் உள்ளன. அந்த மாநிலத்தின் ரீஜன்ட்ஸ் தேர்வுகளில் ஆங்கிலம் தவிர மற்றவற்றிலிருந்து அவற்றுக்கு விலக்கு உண்டு. அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு பை நிறைய எதையாவது கொண்டுவருவதில்லை. நான்கு வேலை: ஓர் இலக்கியப் பகுப்பாய்வுக் கட்டுரை, ஒரு சமூக அறிவியல் ஆய்வுக் கட்டுரை, ஒரு அறிவியல் சோதனை, உயர்நிலைக் கணிதத்தைப் பயன்படுத்தும் ஒரு வேலை. எழுதியும் தரவேண்டும், குழு முன்னால் வாய்மொழியாகவும் விளக்கிக் காட்டவேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அளவுகோல். ஒரு பள்ளியின் வேலைகளை மற்றப் பள்ளி ஆசிரியர்கள் மறுபடி படித்து, நம் அளவுகோல் நழுவுகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

இந்த யோசனைக்கு வேர் இன்னும் பழையது. நியூயார்க் நகரின் ஈஸ்ட் ஹார்லமில் 1985இல் டெபோரா மையர் தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் செகண்டரி ஸ்கூலில் பதினான்கு துறைகளில் போர்ட்ஃபோலியோ தயாரித்து, அந்தப் பதினான்கில் ஏழு துறைகளின் வேலையைக் குழு முன் விளக்கினால்தான் பள்ளியை முடித்து வெளியே போக முடிந்தது. வசதி படைத்த பிள்ளைகளின் பள்ளி இல்லை அது. அங்கே எந்த வேலையைப் பார்த்தாலும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பார்கள்: இது உண்மை என்று எப்படித் தெரியும்? யாருடைய கோணத்திலிருந்து சொல்லப்படுகிறது? இது எதோடு தொடர்புடையது? வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதனால் யாருக்கு என்ன? என்னை இந்தப் பக்கம் இழுத்ததே அந்தக் கேள்விகள்தான். எந்தத் தேர்வுத்தாளிலும் அவற்றுக்கு இடம் கிடையாது.

சரி, நல்லது நடந்த இடங்களைச் சொன்னேன். கெட்டதையும் சொல்லியாக வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதே விதியை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். மே மாதம் மூன்றாவது வாரம், ஒரு தள்ளுவண்டியில் பைண்டர்களை அடுக்கி என் அறை வாசலில் விட்டுப்போனார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், வகுப்புகளும் வழக்கம்போல நடக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் பிள்ளையே எழுதிய சுயமதிப்பீட்டுக் குறிப்பு ஒன்று இருக்கும். மூன்றாவது பைண்டரிலேயே தெரிந்துவிட்டது. ‘இந்த வேலையின் மூலம் நான் நிறையக் கற்றுக்கொண்டேன், அடுத்த முறை நேரத்தை இன்னும் நன்றாகத் திட்டமிடுவேன்.’ இதே வரி, சிற்சில மாற்றங்களோடு, பைண்டருக்குப் பைண்டர். முந்தின இரவு ஒருவர் எழுதி மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு வருடத்தில் யாரும் அந்த வேலைகளைத் திருப்பிக்கொடுத்து ‘இதை மறுபடி யோசி’ என்று சொல்லவே இல்லை. அப்புறம் எதைப் பற்றி அவர்கள் எழுதுவார்கள்? நாற்பதிலும் நான் கையெழுத்துப் போட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

அந்தப் பள்ளி மட்டும் இப்படி ஆகவில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2004இல் தொடங்கிய ஹைஸ்கூல் முடிப்புத் திட்டத்தில், மொத்தம் 80 கிரெடிட்டில் 4 கிரெடிட்டுக்குப் போர்ட்ஃபோலியோவைக் கட்டாயமாக்கியது. சில வருடங்களிலேயே அதைக் கைவிட்டு, ‘கிராஜுவேஷன் டிரான்சிஷன்ஸ்’ என்ற எளிமையான ஒன்றாக மாற்றிவிட்டார்கள். கென்டக்கியில் 1990 கல்விச் சீர்திருத்தச் சட்டத்தோடு வந்த எழுத்துப் போர்ட்ஃபோலியோ பன்னிரண்டாம் வகுப்புவரை இருந்தது, ஏறக்குறைய இருபது வருடம் ஓடியது. 2009இல் மாநிலம் அதைப் பள்ளிகளுக்குப் போடும் மதிப்பெண் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. கென்டக்கி அனுபவத்தில் எனக்குப் பட்டது இது: பள்ளிக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் கருவியாகப் போர்ட்ஃபோலியோ மாறிவிட்டால், ஆசிரியரின் பேனா பிள்ளையின் தாளுக்குள் புகுந்துவிடும். திருத்தக் கற்றுக்கொடுப்பதும் திருத்தியே கொடுத்துவிடுவதும் வேறு வேறு. அந்தக் கோடு அழிந்தால் யாருடைய வேலையைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

உங்கள் ஊரில் இது எப்படிப் போகும் என்று தெரிய ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 300 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் கொண்ட குழு, 40 நிமிடம். மொத்தம் 200 மணி நேரம், மூன்று பேருக்கும் சேர்த்து 600 மணி நேரம். குழு உட்கார்ந்து கேட்கிற நேரம் மட்டும்தான் இது. முன்கூட்டியே படிப்பதற்கும், நான்கு வருடம் வரைவுகளைத் திருப்பிக்கொடுப்பதற்கும் ஆகிற நேரம் இதில் சேரவில்லை. போர்டு உறுப்பினர்களிடம் இந்த 600ஐச் சொல்லி, இது யாருடைய அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒரு ஆலோசனை வகுப்பு, ஒரு ஆசிரியருக்குப் பதினைந்து பிள்ளைகள், மே மாதத்தில் குழுவுக்கென்றே இரண்டு மூன்று நாள் என்று பதில் வந்தால் யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று பதில் வந்தால், அந்தத் தள்ளுவண்டி உங்கள் ஊருக்கும் வந்துகொண்டிருக்கிறது.

ட்யூட்டர் விஷயம். ஆமாம், வசதி உள்ள வீட்டில் உதவி அதிகம் கிடைக்கும். தேர்வுக்கும் அப்படித்தான், பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டுகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். இப்போது சாட்ஜிபிடி மாதிரிக் கருவிகளும் வந்துவிட்டதால், வீட்டில் செய்து கொண்டுவரும் பளபளப்பான கடைசிப் பிரதியை மட்டும் வைத்து யாரையும் எடைபோட முடியாது. அதனால்தான் வரைவுகள் முக்கியம், நேரில் கேட்கும் கேள்வியும் முக்கியம். ஊசல் பையனிடம் கேட்டது போன்ற கேள்விக்கு ட்யூட்டர் கூட வந்து பதில் சொல்ல முடியாது. முக்கியமான வேலைகளின் பெரும்பகுதி பள்ளி நேரத்தில், ஆசிரியர் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்குப் பிறகு வேலைக்குப் போகிற பிள்ளைக்கும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கும் இது பெரிய நியாயம்.

கல்லூரிக்கு அதிகம் கவலைப்படாதீர்கள். சேர்க்கை அலுவலகங்கள் முதலில் பார்ப்பது என்ன பாடங்கள் எடுத்தான், என்ன கிரேடு வாங்கினான் என்பதைத்தான். டிப்ளமோவுக்காகச் செய்த போர்ட்ஃபோலியோ தானாக அவர்கள் மேசைக்குப் போகாது. கலைக் கல்லூரிகள் தனியாகக் கேட்கும். எம்ஐடி, விருப்பமுள்ள மாணவர்கள் தாங்கள் உருவாக்கிய பொருட்களைக் காட்டும் மேக்கர் போர்ட்ஃபோலியோவை ஏற்றுக்கொள்கிறது. மற்றபடி, விண்ணப்பக் கட்டுரை எழுத உட்காரும்போது தான் மூன்று மாதம் முட்டிமோதிய ஒரு வேலை கையில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நியூ ஜெர்சி போன்ற சில இடங்களில் மாநிலத் தேர்விலும் அதற்கு மாற்றான தேர்வுகளிலும் வேண்டிய மதிப்பெண் எடுக்காதவர்களுக்குப் போர்ட்ஃபோலியோ மூலம் மேல்முறையீடு செய்யும் வழி உண்டு. அது தவறியவர்களுக்கான பக்கவாசல். உங்கள் மாவட்டம் பேசுவது எல்லோரும் நுழையவேண்டிய முன்வாசலைப் பற்றி. யாராவது ‘அங்கேயும் இருக்கிறதே’ என்று சொன்னால் இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி: குழு ‘இன்னும் தயாராகவில்லை’ என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? நல்ல பள்ளிகளில் குழு இருப்பது தள்ளிவிடுவதற்கு இல்லை. எந்தப் பகுதி போதவில்லை என்று எழுத்தில் கொடுத்து, உதவிக்கு ஆளும் கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி வரச்சொல்வார்கள். அதற்குக் குழு ஜனவரியிலேயே ஒரு தடவை உட்கார வேண்டும். ஜூனில் கிராஜுவேஷனை வைத்துக்கொண்டு மே கடைசியில் முதல் குழுவைக் கூட்டினால், ஒன்று எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ச்சி பெறச் செய்வார்கள், இல்லையென்றால் ஏதோ நாலு பிள்ளைகள் தொப்பியும் அங்கியும் வாங்கிவைத்த பிறகு அழுவார்கள். அந்த நாலு பேர் பெரும்பாலும் புதிதாக இந்த நாட்டுக்கு வந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளாகவும், சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளாகவும் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த மொழியில் விளக்கலாம், எவ்வளவு கூடுதல் நேரம், குழுவில் அவர்களைத் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்பதெல்லாம் விதி வருவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். இருந்தாலும் நீங்கள் கேளுங்கள். அந்தப் பெற்றோரில் பலர் கூட்டத்துக்கு வர முடியாத வேலையில் இருப்பவர்கள்.

பிள்ளைகள் எழுதும் சுயமதிப்பீட்டுக் குறிப்புகளில் வீட்டுக் கஷ்டத்தை இறக்கிவைக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். வேலையைப் பற்றி எழுதினால் போதும். அந்தக் கோப்பு எங்கே, எத்தனை வருடம் இருக்கும், யார் பார்க்கலாம் என்றும் கேட்கலாம். 1974ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா சட்டப்படி பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, பதினெட்டு வயதில் அந்த உரிமை அவனுக்கு மாறும்.

ஆக, கூட்டத்தில் என்ன சொல்வது? பல ஊர்களில் பேச மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 600 மணி நேரத்தில் தொடங்கி, ஜனவரிக் குழுவைக் கேட்டு, கடைசியாக ஒரு மாற்று யோசனை வைப்பேன்: முதல் இரண்டு மூன்று வருடம் இது பாடத்தின் ஒரு பகுதியாக, கிரேடோடு மட்டும் இருக்கட்டும். இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் படித்தால் முடிவு ஒத்துப்போகிறது என்று நம் மாவட்டத்தின் கோப்புகளை வைத்தே காட்டிய பிறகு டிப்ளமோவுக்குக் கொண்டுவாருங்கள். ரோட் ஐலண்ட் மாநிலம் டிப்ளமோவுக்கு இதுபோன்ற விதியை 2003இல் போட்டபோது 2008இல் முடிக்கும் அணியிலிருந்துதான் அது பொருந்தும் என்று வைத்தது. அந்த அளவுக்காவது அவகாசம் கேட்பதில் தவறே இல்லை.

கேள்விகளைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், அப்போதுதான் பதிலோடு வருவார்கள். மகனிடம் இந்த வருட அறிவியல் நோட்டு இருந்தால், திருத்தம் போட்டு வந்த பக்கங்களை எறிய விடாதீர்கள். அவர்கள் வைத்திருக்கும் ரூப்ரிக் வரைவு கைக்குக் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கூட்டத்துக்கு முன்னால் வரிவரியாகப் படித்து என் குறிப்புகளை எழுதி அனுப்புகிறேன்.